டிரம்ஸ்காரரும் என் அப்பாவின் விரலும்

எங்கள் பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர் போலீஸ் வேலைக்குத் தேர்வாகி வேலூர்ப் பக்கம் பயிற்சிக்குப் போய்விட்டார். "ரெண்டு குச்சிய வெச்சிட்டு ஒரு லத்திய எடுத்துக்கினாரு" என்று கிதார்காரன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் மேடை ஏற, விழாக்குழுவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அப்போதுதான் சம்மதம் வாங்கியிருந்தோம்.

மிச்சம் இருந்தது மூன்று பேர். நான் பாடுகிறவள். பகலில் வாலாஜாபாத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை, "மூச்ச இழுத்துப் புடிங்க, வுடுங்க" என்று சொல்லிச் சொல்லியே எனக்குச் சாரீரம் நன்றாகிவிட்டது என்று அம்மா நம்புகிறாள். கிதார்காரன் உத்திரமேரூர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பிள்ளை. பேஸ் கிதார் வாசிப்பவர் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், எந்த ஷிப்ட் முடிந்து வந்தாலும் நின்றபடியே தூங்குவார், ஆனால் விரல் மட்டும் தப்பாமல் வாசிக்கும். பாட்டெல்லாம் நாங்களே எழுதியது. எங்கள் நிறுத்தத்தில் மட்டும் நிற்காமல் போகும் டவுன் பஸ்ஸைத் திட்டி ஒரு பாட்டு, கரண்ட் வராத மோட்டார் கொட்டகையைப் பற்றி ஒரு பாட்டு, இப்படி. ராக் என்றால் கோபம் வேண்டும் என்பார்கள். கோபத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை, டிரம்ஸ் ஆளுக்குத்தான் பஞ்சம்.

திருவிழா மேடைக்கு நான் ஏன் இந்தப் பாடு பட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. நல்ல குடும்பம், நிலம் நீச்சு உண்டு, பையனும் முகம் சுளிக்கும்படி இல்லை. ஊருக்குப் போய் மறுநாள் பையனின் அம்மா போன் செய்து, பொண்ணு பாடுவதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளட்டும் என்றார். சமையல்கட்டில் பாத்திரத்தை ஒழித்து வைப்பதுபோல அதைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாட்டேன் என்று குதித்தேன். என் அப்பா கத்தவில்லை, யோசித்தார். அவர் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"சரி, திருவிழாவுல பாடு" என்றார். "கடைசிப் பாட்டு வரிக்கும் ஜனங்க எயுந்து போவாம குந்திக்கினு கேட்டுச்சின்னா, நான் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டேன். எயுந்து போச்சின்னா நீ பாட்ட வுட்டுட்டு செங்கல்பட்டாருக்கு சரின்னு சொல்லணும். இன்னா?"

"சரி" என்று சொல்லிவிட்டேன்.

"உனக்கு மூள கீதா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சாமி வர்றப்பவே ஒரு எடத்துல நிக்காத ஜனம் இது. நீ பாடறதுக்கா குந்திக்கினு கெடக்கும்?"

அம்மா சொன்னது நியாயம். ஆனால் வாயை விட்டாயிற்று.

அப்பா கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரே ஒரு ஆசை, அதுவும் ஊருக்கே தெரிந்த ஆசை. எங்கள் சாதி சனத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் கெட்டிமேளத்துக்கு விரல் காட்டுகிறவர் அவர்தான். மாப்பிள்ளை கையில் தாலி வந்ததும் யாராவது ஒருவர் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினால்தான் மேளக்காரர்களுக்கு நேரம் தெரியும். உடனே தவிலும் நாயனமும் ஒரே இரைச்சலாக முழங்கவேண்டும். அந்த நேரத்தில் எவனாவது தும்மினாலோ, கூடாத வார்த்தை பேசினாலோ, அது மணமக்கள் காதில் விழக்கூடாது. இதை எங்கெங்கோ எவரெவரோ செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது அப்பாவின் உத்தியோகம். பத்திரிகை வைக்க வரும்போதே "நீ வந்து வெரல் காட்டணும்" என்று சொல்லிவிட்டுத்தான் வெற்றிலையை நீட்டுவார்கள். மணவறைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டு, அவர் விரலைத் தூக்கி ஆட்டும்போது முகத்தில் கலெக்டர் களை வந்துவிடும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தூக்கிய விரலை ஒரே மகளுக்குத் தூக்கவில்லையே என்ற குறை அவருக்கு. ஒவ்வொரு கல்யாணத்திலிருந்தும் வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் கல்யாணச் சாப்பாட்டை விட்டவள்.

இனி டிரம்ஸ் வேட்டை.

பேண்டு என்றால் எங்கள் ஊரில் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வாசித்தபடி நடக்கிறவர்கள். அதனால் முதலில் வந்தவர் அந்த பேண்டு செட்டிலிருந்து வந்தார். நல்ல கை. இரும்புக் கடை கோடவுனில்தான் எங்கள் ஒத்திகை, ஆணிப் பெட்டிகளுக்கும் சிமென்ட் மூட்டைகளுக்கும் நடுவில். அவரை டிரம் செட்டுக்கு முன்னால் உட்கார வைத்தோம். தாளம் தள்ளாடியது. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "எனக்கு குந்திக்கினு வாசிச்சி பழக்கம் இல்லமா, நடக்கணும்" என்றார். வாழ்நாள் முழுக்க நடந்துகொண்டே வாசித்த மனிதர், கால் நின்றால் கையும் நின்றுவிடுகிறது. சரி, ஒரு டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கச் சொன்னோம். அவர் சிமென்ட் மூட்டைகளைச் சுற்றி நடக்க, நாங்கள் பின்னாலேயே நடக்க, கிதார் ஒயர் கோடவுன் தூணைச் சுற்றிக்கொண்டு எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூணோடு கட்டிப்போட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் வாசிப்பதை நிறுத்திவிட்டு நின்றார்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?"

"முச்சந்தில வெடி போடுவாங்கல்லமா. போட்டு முடிக்கட்டும்."

அடுத்து வந்தவன் சாவு மேளம் அடிக்கிற இளைஞன். அவனைப் பற்றி நான் ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அப்படியொரு வேகம், அப்படியொரு சுத்தம். முதல் நாள் அவன் தன் மேளத்தில் அடித்துக் காட்டியதும் பேஸ்காரர் தூக்கம் கலைந்து கண்ணைத் திறந்தார், அதுவே ஒரு சாதனை. குறையெல்லாம் கேட்டவர்கள் காதில் இருந்தது. மேளம் கேட்டதும் எதிர்க் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அவரைப் பார்த்துப் பக்கத்துக் கடை, அதைப் பார்த்து அடுத்த கடை. தெருவே பாதி ஷட்டரில் நின்றது. கடைத்தெரு முனையில் இருந்த ஒரு பெரியவர், இத்தனை வருஷப் பழக்கமாயிற்றே என்று, ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்குள் வந்தார். கல்லாவில் கிதார்காரனின் அப்பா உட்கார்ந்து தாழ்ப்பாள் எண்ணிக்கொண்டிருந்தார். இவர் மாலையோடு நின்றார். அவர் தாழ்ப்பாளோடு நிமிர்ந்தார்.

"யாருக்குங்க?" என்று கேட்டார் கிதார்காரனின் அப்பா.

"உங்களுக்குத்தான் பாய்" என்று சொல்லிவிட்டார் பெரியவர். வாய்க்கு வந்தது அதுதான்.

பாய் வீட்டுச் சாவுக்கு மேளம் ஏது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள். மேளம் கேட்டால் சாவு, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. அன்று சாயங்காலமே கிதார்காரனின் அப்பா, அந்தப் பையன் வாசித்தால் கோடவுன் கிடையாது என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று, அவனிடம் எப்படிச் சொல்வது என்று முழித்தோம். அதற்குள் அவனே போன் செய்தான். மாகறலில் ஒரு சாவாம், நாளைக்கு வரமுடியாதாம். திருவிழா அன்றைக்காவது நிச்சயமாக வருவாயா என்று கேட்டேன், கோடவுன் இல்லாவிட்டால் ஒத்திகையை ஏரிக்கரையில் வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில். "சாவுக்கு தேதி கேக்க முடியுமாக்கா?" என்றான்.

அதன் பிறகு ஒரு காலேஜ் மாணவன் போனிலேயே தாளம் வரும் என்று ஒரு பெட்டியை மாட்டிக் காட்டினான். அதை விழாக்குழுத் தலைவர் கேட்டுவிட்டு, "ஆளே இல்லாம அடிக்கறதுக்கு நாங்க மைக் செட்டு போட்டுக்கிறோம், நீங்க எதுக்கு?" என்றார். மேடையில் கண்ணுக்குத் தெரிய ஒரு மனிதன் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் ப்ரோக்ராம் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்பா இதையெல்லாம் கேட்டும் கேட்காததுபோல் இருந்தார். மேடையே ஏறவில்லை என்றாலும் தோல்வி என் கணக்கில்தான் சேரும். அம்மா மட்டும் ராத்திரி சோறு போடும்போது, "ஆள் கெடச்சானா?" என்று மெதுவாகக் கேட்பாள். மாப்பிள்ளை கிடைத்தானா என்று இத்தனை நாள் கேட்ட அதே குரல்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் என் பெரியப்பா மகள் கல்யாணம் வந்தது. தவிர்க்க முடியாமல் போனேன், சும்மா போவானேன் என்று கிதார்காரனையும் கூப்பிட்டேன். அவன் சாப்பாட்டுப் பந்தியில் முதல் ஆளாக உட்காரக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தான். அப்பா மணவறைக்குப் பக்கத்தில் போய் நின்றார். விரலைத் தூக்கினார். தவில் வெடித்தது.

இத்தனை வருஷமாகக் கேட்ட கெட்டிமேளம்தான். அன்றைக்குத்தான் அதை ஒரு தாளமாகக் கேட்டேன், சடங்காக அல்ல. கிதார்காரன் பந்தியை மறந்து என் பக்கம் திரும்பினான். அட்சதை அவன் தலையெல்லாம் விழுந்துகிடந்தது. "இந்த ஆளு!" என்றான். "இந்த ஆளத்தான் நாம தேடிக்கினு கீறோம்."

தவில்காரர் முப்பது வயது தாண்டியவர், திருமுக்கூடல் பக்கம். ஆடியில் கல்யாணம் கிடையாது, வேலை இல்லாமல் வீட்டில் இருப்பேன், வருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டார். எங்கள் அதிர்ஷ்டத்தை நாங்களே நம்பவில்லை. நம்பாதது நல்லதாகப் போயிற்று.

முதல் நாள் ஸ்டூலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கால் கீழே இறங்கி மிதிக்கவேண்டிய பெரிய டிரம் ஒன்று இருக்கிறது என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. "வாத்தியத்த கால்ல தொடறதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அந்த டிரம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சிக்கப்பா" என்று சொல்லி மிதித்தார். மிதித்த பிறகு விடவே இல்லை. வலது கை விரல்களில் தவிலுக்குப் போடும் கூடுகளை மாட்டிக்கொண்டு, இடது கையில் மட்டும் குச்சி வைத்து அவர் அடித்த மாதிரி நான் எங்கும் கேட்டதில்லை. நிற்காத பஸ் பாட்டு நிஜமாகவே நிற்காமல் ஓடியது.

சிக்கல் இரண்டாவது வாரம் தெரிந்தது. பாட்டின் உச்சத்தில் நான் கையைத் தூக்கினேன். பாடுகிறவர்கள் தூக்குவதுதானே. ஒரு விரல் மட்டும் மேலே போயிற்று போல. உடனே அவர் தாளத்தை விட்டுவிட்டுக் கெட்டிமேளம் அடித்தார். பாட்டு எங்கேயோ போயிற்று, கோடவுன் தகரம் அதிர்ந்தது, கடையில் இருந்த ஒரு அம்மாள் ஓடிவந்து "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

"இன்னாண்ணே இது?" என்றேன்.

"நீ வெரல் தூக்கினியேமா" என்றார் அவர், ரொம்ப நியாயமாக.

அவர் மேல் தப்பில்லை. சின்ன வயசிலிருந்து கல்யாண மண்டபத்தில் வளர்ந்தவர். ஒரு விரல் ஆடினால் கை தானாக முழக்கும், மூளையைக் கேட்காது. விரல் இறங்கும்வரை நிறுத்தவும் மாட்டார், ஏனென்றால் நடுவில் நிறுத்தினால் அபசகுனம். பேஸ்காரர் ஒன் டூ த்ரீ என்று விரலால் எண்ணினால் ஒன்னிலேயே கெட்டிமேளம். கிதார்காரன் மூக்கைச் சொறிந்தால் கெட்டிமேளம். கொசுவை விரட்டினால் கெட்டிமேளம். ஒரே ஒத்திகையில் எங்கள் மூன்று பேருக்கும் பலமுறை கல்யாணம் ஆகியிருக்கும்.

ஆகவே மேடையில் விரலே கூடாது என்று சட்டம் போட்டோம். நான் மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடப் பழகினேன், யாரோ பிடுங்க வருவதுபோல. எண்ணிக்கைக்குத் தலையாட்டினோம். கொசு கடித்தால் கடிக்கட்டும். மேடை மேலே இருக்கும் விரல்களையெல்லாம் இப்படிக் கட்டிப்போட்டுவிட்டு, நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

திருவிழா அன்று சாயங்காலம் கூழ் ஊற்றி முடித்த கையோடு எங்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கோயிலுக்கு முன்னால் பந்தல், சீரியல் லைட்டு, பொரிகடலைக் கடைகள். ஜனங்கள் ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா முன்வரிசை நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு, வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்தவர்போல இருந்தார். பக்கத்தில் அம்மா. இந்தக் கூட்டம் எழுந்து போனால் நான் இனிமேல் பாடப்போவதில்லை என்பது தவிர வேறு எதுவும் மண்டையில் இல்லை.

முதல் பாட்டுக்குக் குழந்தைகள் ஆடின. பெரியவர்கள் முழித்தார்கள், ஆனால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பாட்டு பஸ் பாட்டு. அந்த பஸ்ஸை ஓடித் துரத்தாத கால் அந்தக் கூட்டத்தில் ஒன்று கிடையாது. நான் டிரைவரைத் திட்டப் பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி "நல்லா கேளுடி!" என்று கத்தினாள். பொரி தின்னும் சத்தம்கூட நின்றது. யாரும் எழவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். கட்டிய கை கட்டியபடி இருந்தது, கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்கே தெரிந்திருக்காது.

மோட்டார் கொட்டகைப் பாட்டு பாதியில் என் சித்தப்பா முறை ஒருவர் எழுந்தார். வேட்டியைத் தட்டினார். போவதானால் போகவேண்டியதுதானே, வாயைத் திறந்தார். "வயசுப் பொண்ணு கல்யாணம் ஆவாம மேடையேறி ஆம்பளைங்களோட கூத்தடிச்சிக்கினு கீது, பெத்தவன் குந்தி வேடிக்க பாக்கறான். எயுந்து வாங்கடா எல்லாம்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அது இதைவிட மோசமான வார்த்தை என்பது அவர் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஓரத்தில் இரண்டு பேர் எழுந்தார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். ஆனாலும் பாடிக்கொண்டேதான் இருந்தேன்.

அப்போது அப்பா எழுந்தார். அவரும் போகிறார் என்றே நினைத்தேன். அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், பந்தயத்தில் ஜெயித்திருப்பார். ஆனால் கூட்டத்தின் பக்கம் திரும்பி, மேடைக்கு முதுகைக் காட்டி, சித்தப்பாவைப் பார்த்து ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினார்.

"டேய்! குந்துடா கீழ! எம் பொண்ணு பாடிக்கினு கீதில்ல!"

அவ்வளவுதான். டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? அந்த முதுகு, அந்தக் கை, அந்த விரல். எத்தனை மண்டபத்தில் பார்த்த விரல்! தவில்காரர் எதையும் யோசிக்காமல் கெட்டிமேளத்தை அவிழ்த்துவிட்டார். பெரிய டிரம், சின்ன டிரம், தட்டு, எல்லாம் ஒன்றாக. சித்தப்பா வாய் அசைந்துகொண்டே இருந்தது, அவர் சொன்ன வார்த்தை ஒன்றுகூட யார் காதிலும் விழவில்லை.

அதோடு ஊருக்கும் பழக்கம் வந்துவிட்டது. கெட்டிமேளம் கேட்டால் எழுந்து நின்று அட்சதை போடாமல் இருக்க எங்கள் ஜனத்துக்குத் தெரியாது. மொத்தக் கூட்டமும் எழுந்தது. அட்சதை ஏது? கையில் இருந்தது பொரி. வாரி வாரி மேடையை நோக்கிப் போட்டார்கள். தலையில் இருந்த பூவைப் பிய்த்துப் போட்டவர்களும் உண்டு. "நல்லா இரும்மா, நல்லா இரு" என்று வாய் முணுமுணுத்தது. "மாப்ள எங்கடா?" என்று ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கித் தேடினார். அதைக் கேட்டதும் கிதார்காரன் அரண்டுபோய் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பேஸ்காரர் ஏற்கனவே கல்யாணமானவர், அவர் மனைவி கூட்டத்தில் இருந்தார், அவரும் நைசாகப் படியிறங்கிவிட்டார். மேடை நடுவில் நான் மட்டும் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, பொரி மழையில் நின்றேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாலி கட்டும்போது அழுவது அவள் வழக்கம்.

அப்பா என்னவோ ஏதோ என்று திரும்பினார். விரலை இறக்க மறந்துவிட்டார். விரல் இறங்காமல் மேளம் நிற்காது. தூக்கிய விரலோடு அவர் என்னையே பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தவில்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. அப்பா முகத்தில் அந்தக் கலெக்டர் களை இல்லை. கல்யாணம் முடிந்து பெண்ணைப் பெற்றவன் ஓரமாக நிற்பானே, அந்த முகம்தான் இருந்தது. ரொம்ப நேரம் கழித்து விரல் இறங்கியது.

மேளம் நின்றது. தாலி ஏறியதும் ஜனம் அடுத்து என்ன செய்யும்? பந்திக்கு ஓடும். கோயில் மடைப்பள்ளியில் சர்க்கரைப் பொங்கல் இறக்கிவைத்திருந்தார்கள். மொத்தக் கூட்டமும் இடம் பிடிக்க அந்தப் பக்கம் பாய்ந்தது, சித்தப்பா உட்பட. கடைசிப் பாட்டை நான் பந்தலுக்கும், ஒரு நாய்க்கும், அப்பா அம்மாவுக்கும் பாடினேன். பிறகு கொஞ்சம் பேர் தொன்னையில் பொங்கலோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் எழுந்து போனது போனதுதானே.

"ஐயா வெரல் தூக்கினாரு, நான் இன்னா பண்றது?" என்று தவில்காரர் எல்லோரிடமும் முறையிட்டுக்கொண்டே விரல் கூடுகளைக் கழற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா படுத்துவிட்டார். நான் தூங்கவில்லை. இவ்வளவு கூத்துக்குப் பிறகும் பந்தயம் பந்தயம்தான், நான் கொடுத்த வாக்கை மாற்றுகிறவள் இல்லை.

காலையில் அம்மா வாசல்படியில் உட்காரவைத்து என் தலையிலிருந்து பொரி எடுத்துக்கொண்டிருந்தாள். பேன் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துக் கோழிக்குப் போட்டாள். அப்பா நாஷ்டா முடித்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார்.

"நைனா" என்றேன். "எல்லாரும் எயுந்து போயிட்டாங்க. நீதான் ஜெயிச்ச. செங்கல்பட்டாருக்கு சரின்னு சொல்லிடு."

அவர் பதில் சொல்வதற்குள் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. செங்கல்பட்டுதான். விஷயம் அதற்குள் அங்கே போயிருக்கவேண்டும், இந்த மாதிரிச் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். பையனின் அம்மாவின் குரல் எனக்கு வார்த்தையாகக் கேட்கவில்லை, சத்தமாக மட்டும் கேட்டது. அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆமாங்க, நெசந்தான்" என்றார். "எம் பொண்ணுக்குக் கெட்டிமேளம் கொட்டியாச்சிங்க. நாந்தான் வெரல் காட்டினேன். ஊரே எயுந்து நின்னு அட்சத போட்டுச்சி. ஒரு வூட்ல ஒரு பொண்ணுக்கு ஒரு தடவதானுங்களே கொட்டுவாங்க?"

அந்தப் பக்கம் ஏதோ கேள்வி கேட்டார்கள். அம்மாவின் கை என் தலையில் அப்படியே நின்றது.

"மாப்ளயா?" என்றார் அப்பா. "அதெல்லாம் யாரும் இல்லீங்க. எம் பொண்ணு மட்டுந்தான்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்து, மடை திறக்கப் போய்விட்டார்.